மூக்கு ரேகை பார்க்கிறவள்

முதலில் புறங்கையை நீட்டுகிறாள். மாடு மோந்து பார்க்கும்வரை அசைவதில்லை. மற்ற எல்லாவற்றிலும் பாண்டீஸ்வரி ஓர் அவசரக்குடுக்கை. பஸ் நிற்பதற்குள் இறங்குவாள், சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடிப்பாள், எதிராளி பேசி முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். மாட்டுக்கு முன்னால் மட்டும் எங்கிருந்தோ ஒரு நிதானம் வந்துவிடும். மாட்டின் ஈரமூச்சு கையில் பட வேண்டும். அது ஒருதரம் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் வைக்கோலுக்குள் வாயை விட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த எட்டு. "மொதல்ல நான் யாருன்னு அது பாத்துக்கிரட்டும். பெறகு அது யாருன்னு நான் பாக்குறேன்" என்பாள்.

அடுத்து தோளில் மடித்துப் போட்டிருக்கும் வெள்ளைத் துணி. கணவன் சிவபாண்டியின் பழைய வேட்டியைக் கிழித்தது. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்டது. அதை வைத்து மாட்டின் மூக்கை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைப்பாள். தவிடு, வைக்கோல் துணுக்கு, சளி எல்லாம் துணிக்கு வந்துவிடும். பிறகு செல்போனை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்துப் படம் எடுப்பாள். "அட, சும்மா எடு தாயீ, மாடு என்ன கல்யாணப் பொண்ணா?" என்று மாட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் மசிய மாட்டாள். "தொடைக்காம எடுக்கக் கூடாதுண்ணே" என்பது அவளுடைய சட்டம். அந்தச் சட்டத்துக்கு விலக்கே கிடையாது.

எழுமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் அவளுக்கு 'மாட்டுக்கு ஆதார் எடுக்குற அக்கா' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனால் அவளுடைய ஆய்வை இத்தனை சுருக்கமாக அவள் படித்த கல்லூரியில்கூட யாரும் சொன்னதில்லை. மனிதருக்குக் கைரேகை எப்படியோ, அப்படி மாட்டுக்கு மூக்கு. மூக்கின் ஈரத்தோலில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோடுகள் ஒரு மாட்டுக்கு இருப்பதுபோல் இன்னொரு மாட்டுக்கு இருக்காது. அந்த ரேகையைப் படம் பிடித்துக் காட்டினால், இது இன்னார் வீட்டு மாடு என்று செல்போன் சொல்ல வேண்டும். அதற்கான நிரலை எழுதி, அது சரியாகச் சொல்கிறது என்று நிரூபித்து, ஆய்வேடு எழுதி எம்.இ. பட்டம் வாங்குவதுதான் பாண்டீஸ்வரி எடுத்துக்கொண்ட காரியம்.

வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. பிறந்தது எழுமலை, வாழ்க்கைப்பட்டது மதுரை ஆனையூர். பகலில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள். மீதி நேரத்தில் அவளே பகுதிநேர மாணவி. இடையில் அப்பாவுக்கு முடியாமல் போய், கூட இருந்து பார்த்துக்கொள்ள எழுமலைக்கே போய்விட்டதில் படிப்பு பாதியில் நின்றது. அப்பா போன பிறகு மறுபடி வந்து சேர்ந்தாள். அதனால் இந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு. மாசிக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். அதுவரை எழுதித் தேறிய பரீட்சைகளும் சேர்ந்தே போய்விடும். இதைப் பாண்டீஸ்வரி யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. பாலிடெக்னிக்கில் கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டால், "ஓடுது, ஓடுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விடுவாள்.

ஓடுவது என்னவோ உண்மைதான். சிவபாண்டி செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அங்கிருந்தும் இங்கிருந்தும் பழைய சாமான்களைச் சேர்த்து, பெண்டாட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்திருக்கிறான். மூடி கிடையாது, வயர் எல்லாம் வெளியே தொங்கும், பக்கத்தில் ஒரு மேசை விசிறி எப்போதும் அதைப் பார்த்தே சுற்றிக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான மூக்குப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி அதைப் பழக்க வேண்டும். அதற்கு 'ட்ரெய்னிங்' என்று பெயர். ட்ரெய்னிங் ஓடும்போது மிக்ஸி போட்டால் வோல்டேஜ் இறங்கி, பாதியில் எல்லாம் அணைந்துபோகும். ஆகவே அன்றைக்கு அந்த வீட்டில் சட்னி கிடையாது. "இட்லிக்குப் பொடிதேன். மாடு பாஸாகுற வரைக்கும் இப்படித்தேன்" என்று வந்தவர்களிடம் சிவபாண்டி இலையைக் காட்டிச் சொல்வான்.

நிரலை அவள் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவாள். மாணவர்களுக்கு முன்னால் வாய்நிறைய ஆங்கிலக் கலைச்சொல் பேசுகிறவள், வீட்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன மாப்ள, இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? மெமரி பத்தலையா? படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கித் தாரேன், கோவிச்சுக்காம ஓடு" என்று கெஞ்சுவாள். ட்ரெய்னிங் முடியும்வரை உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. இவள்தான் மூடநம்பிக்கையை ஒழிப்பது பற்றிப் பாலிடெக்னிக் ஆண்டுவிழாவில் பேசி மெடல் வாங்கியவள்.

ஆய்வேடு எழுதும் விதமும் தனி. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு பத்தியையும் முதலில் தமிழில் சிவபாண்டிக்குச் சொல்லிப் பார்ப்பாள். அவன் செல்போனைப் பிரித்து வைத்துக்கொண்டு, கண்ணில் பூதக்கண்ணாடியோடு, தலையைத் தூக்காமலே கேட்பான். "வெளங்கலை" என்றால் அந்தப் பத்தி போச்சு. வேறு மாதிரி சொல்ல வேண்டும். "ம்" என்றால் ஆங்கிலத்துக்குப் போகலாம். சில பத்திகள் நாலு நாள் 'வெளங்கலை'யில் மாட்டிக்கொண்டு கிடக்கும். அப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஒமக்கு வெளங்கணும்னா நான் திருக்கையில மாவு அரைச்சமாதிரி அரைக்கணும்" என்று கத்துவாள். அடுத்த நிமிடம் வந்து மறுபடி அரைக்கத் தொடங்குவாள்.

மாடு எப்படி இதற்குள் வந்தது என்று கேட்டால், ஒரே ஒரு கதைதான் சொல்வாள். அதையும் வேகமாகச் சொல்லி முடித்துவிடுவாள். அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது வீட்டுப் பசு செத்துப்போனது. காப்பீடு செய்த மாடு. காதில் அடையாள வில்லை மாட்டியிருந்தார்கள். வேலியில் உரசி வில்லை எப்போதோ அறுந்துபோயிருந்தது. பார்க்க வந்த அதிகாரி, "இது நீங்க பதிஞ்ச மாடுதான்னு எப்படி நம்புறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். "எங்கப்பா அந்த மாட்டோட மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த ஆளு கடைசி வரைக்கும் காதைத்தான் பாத்தாரு" என்பாள். அதோடு பேச்சை மாற்றிவிடுவாள்.

புரட்டாசியில் தொடங்கி மார்கழி வரை ஊர் ஊராகப் போய்ப் படம் சேர்த்தாள். சிவபாண்டி வண்டி ஓட்டினான். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு படத்தையும் திறந்து, மூக்குக்குச் சம்பந்தமில்லாத எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவாள். தொட்டி விளிம்பு, மாட்டுக்காரர் விரல், தொங்கும் புல் என்று ஒன்றையும் விட மாட்டாள். கம்ப்யூட்டர் அதையெல்லாம் பார்த்துக் கெட்டுப்போய்விடும் என்பாள், கூடாத சகவாசத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றும் தாய்போல. மார்கழிக் கடைசியில் கணக்கு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மாட்டை மாப்ள சரியாகச் சொன்னான். வழிகாட்டிப் பேராசிரியர் பாண்டியராஜன், சாதாரணமாக "ம், பார்ப்போம்" என்பதைத் தாண்டாதவர், எழுந்து நின்று கைகொடுத்தார். ஆய்வுச் சுருக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுக் கல்லூரிக்குக் கொடுத்தாகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் தேங்காய்ச் சட்னியும் தக்காளிச் சட்னியும் அரைத்தாள்.

பிறகு பொங்கல் வந்தது.

மாட்டுப் பொங்கலன்று எழுமலையில் தம்பி சோலை வீட்டில் இருந்தாள். கொம்பெல்லாம் வண்ணம் அடித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, மாடுகள் புது மாப்பிள்ளை கணக்காக நின்றன. பொங்கல் ஊட்டி முடித்த கையோடு, கூடியிருந்தவர்களுக்குத் தன் படிப்பைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசைப்படக் கூடாதா என்ன? சோலையின் செவலைக் காளைக்குப் புறங்கையை நீட்டினாள், மூக்கைத் துடைத்தாள், செல்போனைப் பிடித்தாள். தெருவே எட்டிப் பார்த்தது. செல்போனில், 'மயிலை, மலையாண்டி வீடு' என்று வந்தது.

மயிலை அடுத்த வீட்டு மலையாண்டியின் கறவைப் பசு. மலையாண்டி மாமா விடுகிற ஆளா? "என்ன மருமகளே, ஒரே நாள்ல ஓந்தம்பி காளை எம்பசுவா மாறிப்போச்சா? அப்ப இருங்க, பால் கறக்கச் செம்பை எடுத்துட்டு வாரேன்" என்றார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. பாண்டீஸ்வரியும் சிரித்துவைத்தாள். வெளிச்சம் பத்தவில்லை என்றாள். குங்குமம் வழிந்திருக்கிறது என்று அழுத்தித் துடைத்தாள். மலையாண்டியின் மயிலையிடம் போய்ப் பிடித்தாள். அது வேறு யாரோ ஒருவருடைய கிடேரியானது. அடுத்த தொழுவத்திலும் தப்பு. அதற்கடுத்ததிலும் தப்பு. அதற்கும் அடுத்த வீட்டில் அவள் துடைக்கக்கூட இல்லை, நின்றுவிட்டாள்.

தம்பி வீட்டுத் தொழுவத்துக்கே திரும்பி வந்து புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தாள். சிவபாண்டிக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சிரிக்க வைக்கலாம் என்று, தூணில் மாட்டியிருந்த ஒரு பழைய மூக்கணாங்கயிற்றை எடுத்தான். காலையில்தான் சோலை செவலைக்குப் புதுக் கயிறு மாற்றியிருந்தான். அவிழ்த்துப் போட்ட சிவப்புக் கயிறு அது. அதை மூக்குக்குக் கீழே மீசைபோலப் பிடித்துக்கொண்டு, "இந்தா, என்னையாச்சும் யாருன்னு பாரு" என்றான். தொல்லை விட்டால் போதும் என்று அவள் செல்போனைத் தூக்கிக் காட்டினாள்.

'செவலை, சோலை வீடு' என்று வந்தது. கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு உறுதியோடு வந்தது.

"ஆத்தி! அப்ப நான் உந்தம்பி மாடா?" என்று அவன் சிரித்த சிரிப்பில் கன்றுக்குட்டி மிரண்டது. பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். மாப்ள இத்தனை மாதமும் மூக்கு ரேகையைப் பார்க்கவே இல்லை. மூக்கில் குத்தியிருந்த கயிற்றைத்தான் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிறத்தில், ஒரு முறுக்கில் நைலான் கயிறு போடுவார்கள். மார்கழி வரை எடுத்த படத்தில் எல்லாம் அதே மாட்டுக்கு அதே கயிறு. அதைப் பிடித்துக்கொண்டால் ரேகை எதற்கு? மாட்டுப் பொங்கலன்று சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே நாளில் கயிறு மாறியது. சோலை வழக்கமாக வாங்கும் சிவப்புக் கயிறு சந்தையில் தீர்ந்துபோனதால் இந்த வருடம் பச்சை வாங்கி வந்திருந்தான். மார்கழி வரை மயிலைக்கு இருந்ததும் பச்சைக் கயிறுதான்; பொங்கலுக்கு அதுவும் வேறு நிறத்துக்கு மாறியிருந்தது.

தொட்டி விளிம்பைக்கூட வெட்டித் தள்ளியவள் இந்தக் கயிற்றை எப்படி விட்டாள்? வேறு யாராவது செய்திருந்தால் முதல் நாளே வெட்டியிருப்பார்கள். எழுமலையில் பிறந்தவள் கண்ணுக்குக் கயிறில்லாத மாட்டு மூக்கு என்று ஒன்று கிடையாது. காதுபோல, கொம்புபோல, அதுவும் மாட்டோடு பிறந்தது. மாடு தெரிந்தவள் என்பதாலேயே வந்த தப்பு அது. சொல்லப்போனால், ஊரைவிட்டு இத்தனை தூரம் படித்து வந்த பிறகும் கண் மட்டும் ஊரிலேயே இருந்திருக்கிறது.

பாண்டியராஜன் சார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். அவருக்குப் பயம் அவளைப் பற்றித்தான். "பாண்டீஸ்வரி, தொண்ணூற்றேழு வந்தாச்சு, சுருக்கத்துல கொடுத்தாச்சு. இருக்கறதை எழுதி முடிச்சிரு. பட்டம் வாங்கினதுக்கு அப்பறம் திருத்திக்கலாம். வெளியூர்ல இருந்து வர்ற எக்ஸாமினர் என்ன, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாத்திக் கட்டிப் பாக்கப் போறாரா?" என்றார்.

"அவரு மாத்த மாட்டாரு சார். ஆனா மாட்டுப் பொங்கல் வருசா வருசம் வருமே" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தேதி தாண்டிப் போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அதை நல்லா யோசிச்சுக்கோ" என்றார்.

யோசித்தாள். அன்று சாரிடம் அப்படிப் பட்டென்று சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் தைரியமெல்லாம் வடிந்துவிட்டது. பழைய அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் மாற்றாமல் அப்படியே கொடுத்துவிட்டால்தான் என்ன என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய் ஒன்றும் எழுதவில்லையே, வந்த எண்ணைத்தானே எழுதியிருக்கிறோம்? இதையே சிவபாண்டியிடம் தமிழில் சொல்லிப் பார்த்தாள். அவன் பூதக்கண்ணாடியைக் கழற்றாமல், "வெளங்கலை" என்றான்.

அவள் அந்த அத்தியாயத்தை மூடினாள். பிறகு, "அந்த ஆபீசர் காது வில்லையப் பாத்தாரு. நான் கட்டுன மாப்ள கயித்தப் பாக்குறான். ரெண்டு பேருமே எங்க மாட்டு மூஞ்சியப் பாக்கலை" என்றாள்.

"ம்" என்றான் சிவபாண்டி. அடுத்த நாள் காலையில் கடையைத் திறக்காமல் வண்டிக்குப் பெட்ரோல் போடப் போய்விட்டான்.

எல்லா மாட்டையும் மறுபடி படம் பிடிக்க வேண்டும், இப்போது புதுக் கயிற்றோடு. பாலிடெக்னிக்குக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் அலைந்தார்கள். "என்னக்கா, ஆதார்ல போட்டோ சரியா விழலையாக்கும்?" என்று ஊர் ஊராகக் கேலி. பொங்கலுக்குப் பிறகு சில மாடுகள் கைமாறியிருந்தன. விட்டுவிடலாம் என்று சிவபாண்டி சொன்னான். இவள் கேட்டால்தானே? மாவூற்றி முடிவதற்குள் தோசையை எடுக்கிற இதே பொம்பளை, ஒரே ஒரு பசுவைத் தேடி மதுரையைக் குறுக்கே தாண்டித் திருவாதவூர் வரை போனாள். வாங்கியவருக்குச் சந்தேகம், மாட்டைத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்துப் புறங்கையை நீட்டினால், பழகிய பசு அடையாளம் கண்டு கையை நக்கும் என்று எதிர்பார்த்தவளின் காலை அது நன்றாக மிதித்தது. ஒரு வாரம் நொண்டினாள். படம் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது.

வீட்டில் அடுத்த வேலை காத்திருந்தது. பழைய படம், புதுப் படம் அத்தனையிலும் கயிறு இருக்கும் இடத்தைக் கையாலேயே அழிக்க வேண்டும். மார்கழி வரை எடுத்ததை வைத்துப் பழக்கி, தைக்குப் பிறகு எடுத்ததை வைத்துச் சோதிக்க வேண்டும். முதல் தடவை பாதி மாட்டைக்கூட மாப்ள சரியாகச் சொல்லவில்லை. அவள் திட்டவில்லை. "பாவம், இப்பத்தான மொத மொதல்ல மூஞ்சியப் பாக்குறான்" என்றாள். நாள் தேய்ந்துகொண்டே வந்தது. அந்த வீட்டில் இட்லிப் பொடி மட்டும் கரைந்தது. கடைசியில் எண்பத்து மூன்று வந்தது. கூடவே இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்திருந்தாள். எந்த மாடு என்று பிடிபடவில்லை என்றால், வாய்க்கு வந்த பெயரைச் சொல்லாமல் 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு முன், பின் என்று படங்களைப் பிரித்துச் சோதித்த அந்த முறைக்கு ஆய்வேட்டில் 'பொங்கல் ஸ்ப்ளிட்' என்று பெயர் வைத்தாள். தொண்ணூற்றேழு எப்படி வந்தது, அது ஏன் செல்லாது, புருஷனைக் காளை என்று செல்போன் எப்படிச் சொன்னது என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் தனி அத்தியாயமாக எழுதினாள். அதை வாசித்துச் சொன்னபோது சிவபாண்டி ஓரிடத்திலும் 'வெளங்கலை' சொல்லவில்லை. மூக்குக்குக் கீழே கயிறு பிடித்த படத்தைப் போடலாமா என்று கேட்டதற்கு மட்டும், "கொஞ்சம் சீவிட்டு நின்னுருப்பேனே" என்றான். கெடு முடியும் நாளில், மை காயாத கறுப்பு அட்டைப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லூரிக்குள் ஓடினாள். வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை, நரைத்த தலை, சிரிக்காத முகம். சுருக்கத்தையும் ஆய்வேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியையே அங்கேதான் வைத்தார். "சுருக்கத்தில் தொண்ணூற்றேழு. ஆய்வேட்டில் எண்பத்து மூன்று. எல்லாரும் ஏறிப் போவார்கள், நீங்கள் இறங்கி வந்திருக்கிறீர்களே?"

மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலம் எல்லாம் அந்த நிமிடம் ஓடிப்போய்விட்டது. மஞ்சப்பைக்குள் கைவிட்டு, செவலையின் பழைய சிவப்புக் கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அந்தத் தொண்ணூத்தேழு இதோடது மேடம். இந்த எம்பத்தி மூணுதான் மாட்டோடது" என்றாள். பேராசிரியை கயிற்றைப் பார்த்தார். ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தைத் திறந்து, அங்கேயே உட்கார்ந்து முழுக்கப் படித்தார். பாண்டியராஜன் சார் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கடைசியில் அந்தம்மா தலையைத் தூக்கி, "எங்க பசங்க பண்ணின ஆய்வுல என்னென்ன கயிறு இருக்கோ, போய்ப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாண்டீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

டீயும் வடையும் வந்திருக்கின்றன என்று எல்லாரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். அவள் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைக்கப் போனாள். பாண்டியராஜன் சார் மட்டும் போகாமல் நின்றார். கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி அந்தக் கயிற்றை வாங்கி, இரண்டு முனையையும் பிடித்து மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டார். "இப்ப நான் யாருன்னு கேளு, உன் மாப்ளய" என்றார்.

பாண்டீஸ்வரி செல்போனைத் தூக்கினாள். அவர் முகத்துக்கு நேரே பிடித்தவள், என்னவோ நினைவு வந்ததுபோல அதை மேசைமேல் வைத்துவிட்டாள். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தாள். கறை படாத பக்கம் மேலே வரும்படி மடித்தாள்.

"தொடைக்காம எடுக்கக் கூடாது சார்" என்று அவரிடம் நீட்டினாள்.